பியேவ்ர் ஆறு எங்கே போய் முடிகிறது?

கேள்வி, 2024 மார்ச் 3

பாரிஸில் சேன் நதி ஒன்றுதான் ஓடுகிறது என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். நேற்று ஐந்தாம் வட்டாரத்தில் 'ரூ த பியேவ்ர்' என்று ஒரு தெருப் பலகையைப் பார்த்தேன். அது ஓர் ஆற்றின் பெயர், அந்த ஆறு செத்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது என்று கூட வேலை செய்பவர் சொல்கிறார். உண்மையா? எங்கே பிறந்து எங்கே முடிந்த ஆறு? அந்தத் தெருவில்தான் ஓடியதா?

பதில், மார்ச் 3, இரவு

சாகவில்லை. பதினோரு வருஷமாக ஆர்க்கேயில், அந்த ஆற்றின் பள்ளத்தாக்கில்தான் குடியிருக்கிறேன். அதனால் கொஞ்சம் கோபத்தோடுதான் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாரிஸுக்குத் தென்மேற்கே, வெர்சாய் பக்கத்தில் கீயான்கூர் என்று ஓர் ஊர். அதில் பூவியே என்ற சிற்றூரில் பிறக்கிறது. மொத்த நீளம் சுமார் 35 கிலோமீட்டர். ப்யூக், ஷூயி-ஆன்-ஷொசாஸ், பியேவ்ர், இக்னி, மாஸி, அந்தோனி, ஃப்ரேன், லாய்-லெ-ரோஸ், கஷான், ஆர்க்கேய், ஷாந்தியி, அப்புறம் பாரிஸின் 13, 5ஆம் வட்டாரங்கள். ஒஸ்தர்லிட்ஸ் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் சேனில் கலக்கிறது. பெயருக்கு நீர்நாய் என்று அர்த்தம். ஒரு காலத்தில் கரையெல்லாம் நீர்நாய் இருந்திருக்கும்.

மார்ச் 4

நேற்று அவசரத்தில் எழுதியதில் இரண்டு தப்பு.

ஒன்று, நீர்நாய். நீர்நாய் மீன் பிடித்துத் தின்னும் பிராணி. பழைய பிரெஞ்சில் 'பியேவ்ர்' என்றால் மரத்தைப் பல்லால் கொறித்துச் சாய்த்து, ஓடையை மறித்து அணை கட்டுமே, அந்தப் பீவர். தமிழில் அதற்கு வழக்கமான சொல் இல்லாததால் கைக்கு வந்ததை எழுதிவிட்டேன்.

இரண்டாவது பெரிய தப்பு. 'சேனில் கலக்கிறது' என்று நிகழ்காலத்தில் எழுதியிருக்கிறேன். கலந்தது என்றுதான் எழுதியிருக்க வேண்டும். பாரிஸுக்குள் பகுதி பகுதியாக மூடிக்கொண்டே வந்து 1912இல் முழுக்க மூடிவிட்டார்கள். நகருக்கு வெளியே மூடுவது 1950கள் வரை நடந்தது. அந்தோனியோடு திறந்த ஆறு முடிகிறது. அதற்குக் கீழே தண்ணீர் நிலத்தடிக் குழாய்களுக்குள் இறங்கி, பெரும்பகுதி கழிவுநீரோடு சேர்ந்து சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது. உங்கள் சக ஊழியர் சொன்னதில் பாதி நியாயம் இருக்கிறது. கோபத்தை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

மார்ச் 4, மறுபடி

ஊர்ப் பெயர் 'பியேவ்ர்', ஆற்றின் பெயரும் 'பியேவ்ர்', இரண்டும் ஒன்றா என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். ஊர்ப் பெயரின் கடைசியில் ஓர் எழுத்து கூடுதல், உச்சரிப்பில் வராது. இதே பெயரில் பிரான்ஸில் வேறு ஆறுகளும் உண்டு. இஸேர் மாவட்டத்தில் ஒன்று, ஜெர்மன் எல்லைப் பக்கம் சார் ஆற்றில் போய்ச் சேர்வது ஒன்று. வரைபடத்தில் தேடும்போது கவனம்.

மார்ச் 10, ஞாயிறு

நேற்று மகளைக் கூட்டிக்கொண்டு ஊற்றுக்கண்ணைப் பார்க்கப் போனேன். மூன்றாவது முறை. ஒவ்வொரு முறையும் இதற்குத்தானா இத்தனை தூரம் என்று முதல் ஐந்து நிமிஷம் தோன்றும். ஈரப் புல், கொஞ்சம் சேறு, விரல் கனத்தில் நீர். மகள் அதன் குறுக்கே காலை வைத்து, 'நான் ஆற்றைத் தாண்டிவிட்டேன்' என்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பத்துத் தடவை தாண்டினாள்.

பெரிய மலையோ பனியோ இல்லாத இடத்தில் ஆறு எப்படிப் பிறக்கிறது என்று அவள் கேட்டாள். அங்கே மேட்டு நிலத்தின் அடியில் கனமான மணல் அடுக்கு இருக்கிறது. மழைநீர் அதில் வடிகட்டி மாதிரி இறங்கும். அதற்கும் கீழே களிமண். அதற்குள் இறங்க முடியாமல் நீர் பக்கவாட்டில் நகர்ந்து, சரிவில் வழி கிடைத்த இடத்தில் கசியும். பியேவ்ரின் மேல்பகுதி முழுக்க இரண்டு கரையிலும் இந்தக் கசிவுதான் அதை வளர்க்கிறது. அதனால்தான் கோடையிலும் முழுசாக வற்றுவதில்லை.

ஊற்றிலிருந்து கொஞ்சம் இறங்கினால் மினியேர் குளங்கள். அதற்கப்புறம்தான் ஆறு என்று சொல்கிற மாதிரி ஆகிறது. பிறகு ப்யூக். 14ஆம் லூயி காலத்தில், 1684இலிருந்து 1686க்குள், சாக்லே மேட்டுக் குளங்களின் நீரை வெர்சாய் அரண்மனை நீரூற்றுகளுக்குக் கொண்டுபோக இந்தப் பள்ளத்தாக்கின் குறுக்கே கல் வாய்க்கால் பாலம் கட்டினார்கள். 19 வளைவுகள். கீழே நின்று அண்ணாந்தால் கழுத்து வலிக்கும். அதன் காலடியில் நம் ஆறு சத்தமே இல்லாமல் போகிறது.

மார்ச் 11

போக்கு பற்றி ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. எனக்கு இதில் மிகப் பிடித்தது அதுதான். ஊற்று பாரிஸுக்குத் தென்மேற்கே இருக்கிறது. நேராக வடகிழக்கே ஓடினால் சீக்கிரம் சேனைப் பிடித்துவிடலாம். இது அப்படிச் செய்யாமல் தென்கிழக்கே, பாரிஸை விட்டு விலகிப் போகிறது. ஷூயி, பியேவ்ர், இக்னி என்று தெற்கே சாக்லே மேட்டுக்கும் வடக்கே வெரியேர் காட்டு மேட்டுக்கும் நடுவில் பள்ளத்தாக்கை அறுத்துக்கொண்டு மாஸி வரைக்கும் வந்து, அந்தோனிக்கு முன்னால் முழங்கை மாதிரி மடங்கி வடக்கே திரும்புகிறது. வரைபடத்தில் கையை மடக்கி வைத்த மாதிரியே தெரியும். முழங்கைக்கு மேற்கே இருப்பது காடும் புல்வெளியும். வடக்கே இருப்பது சுவர்களும் குழாய்களும்.

மேற்குப் பாதியைக் காண நடக்கத்தான் வேண்டும் என்றில்லை. மாஸியிலிருந்து வெர்சாய் போகிற சி ரயிலில் ஏறி ஜன்னலோரம் உட்காருங்கள். ஆற்றுக்குக் கூடவே வரும்.

மார்ச் 17

சிவப்புச் சாயத்தைப் பற்றிக் கேட்டவருக்கு.

கோப்லான் குடும்பத்தார் 15ஆம் நூற்றாண்டில் பியேவ்ர் கரையில் சாயப்பட்டறை போட்டார்கள். அவர்கள் சிவப்புக்கு அவ்வளவு பேர். 1662இல் 14ஆம் லூயியின் அமைச்சர் கொல்பேர் அந்த இடத்தை அரசாங்கச் சித்திரத்திரை நெசவுக்கூடமாக்கினார். இன்றைக்கும் 13ஆம் வட்டாரத்தில் அதே இடத்தில் தறி ஓடுகிறது. பியேவ்ர் தண்ணீரில் இருக்கிற ஏதோ ஒன்றுதான் அந்தச் சிவப்பைக் கொடுத்தது என்று நான் வந்த புதிதில் சொல்லக் கேட்டேன். நானும் நாலு பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

மார்ச் 17, பின்னிரவு

மேலே எழுதியதை அப்படியே விட மனசில்லை. சிவப்பைக் கொடுத்தது ஆறு இல்லை. பூச்சியிலிருந்து எடுத்த சாயமும், அது நூலில் பிடிக்கச் சேர்த்த படிகாரம் போன்ற உப்பும், பட்டறைக்காரர்களின் கைப்பழக்கமும்தான். ஆறு கொடுத்தது அலசுவதற்கு ஓடும் தண்ணீர், ஊருக்குச் சற்று ஒதுங்கிய இடம், கழிவைத் தள்ளிவிட ஒரு வழி. அந்தக் கடைசி விஷயம்தான் அதற்கு எமனாக வந்தது. சாயப்பட்டறைக்குப் பக்கத்தில் தோல் பதனிடுகிறவர்கள் வந்தார்கள், கசாப்புக்காரர்கள் வந்தார்கள், துணி வெளுப்பவர்கள் வந்தார்கள். எல்லோருக்கும் தண்ணீர் வேண்டும், எல்லோருக்கும் அழுக்கைக் கொட்ட இடம் வேண்டும். 19ஆம் நூற்றாண்டில் நகரத்துக்குள் அது பல நிறத்தில், மூக்கைப் பொத்த வைக்கிற சாக்கடையாகிவிட்டது. மூடியவர்கள் மேல் எனக்கு வருத்தம் உண்டு. ஆனால் அந்தக் கரையில் குழந்தையை வைத்துக்கொண்டு குடியிருந்திருந்தால் நானும் மூடச் சொல்லி மனு கொடுத்திருப்பேன்.

கிளைக்கதை ஒன்று. 1824இல் கோப்லான் சாயப் பிரிவுக்குத் தலைவராக வந்த ஷெவ்ரல் என்ற வேதியியலாளரிடம், கறுப்பு நூல் மங்கலாக இருக்கிறது, சாயம் சரியில்லை என்று புகார் வந்தது. சோதித்துப் பார்த்தால் சாயத்தில் குறை இல்லை. பக்கத்தில் எந்த நிறம் நெய்யப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்துக் கண்ணுக்குக் கறுப்பு மாறித் தெரிகிறது. 1839இல் அதைப் பெரிய நூலாகவே எழுதினார். 102 வயது வரை வாழ்ந்தார். ஆற்றுக்கும் இதற்கும் நேரடித் தொடர்பில்லை, இருந்தாலும் அந்தச் சுவரைத் தாண்டும்போதெல்லாம் ஞாபகம் வருகிறது.

மார்ச் 24

ஷூயி-ஆன்-ஷொசாஸ். இதைத் தனியாக எழுத வேண்டும்.

என் பாட்டி காரைக்காலில் பூப்போட்ட பருத்தித் துணியைச் 'சீட்டி' என்பாள். சீட்டிப் பாவாடை, சீட்டித் திரை. ஷூயியில் இருக்கிற துணி அருங்காட்சியகத்தில் ஒரு பழைய துண்டைப் பார்த்தபோது எனக்கு முதலில் வாயில் வந்தது அந்தச் சொல்தான். சிவப்புக் கொடி, நடுவில் ஒரு பூ, ஓரத்தில் சின்னப் புள்ளிகள்.

வந்த வழி இதுதான். 17ஆம் நூற்றாண்டில் நம் சோழமண்டலக் கரையிலிருந்து எழுதியும் அச்சிட்டும் சாயம் போட்ட பருத்தித் துணி கப்பல் கப்பலாக ஐரோப்பாவுக்குப் போயிற்று. புதுச்சேரி வழியாகவும் போயிற்று. பிரெஞ்சுக்காரர்கள் அதை 'ஆந்தியென்', அதாவது இந்தியத் துணி என்றார்கள். துவைத்தால் நிறம் போகாது, எடை குறைவு, விலை குறைவு. பட்டு, கம்பளி நெய்கிறவர்கள் கலங்கிப்போய் அரசரிடம் முறையிட்டார்கள். 1686இல் இறக்குமதிக்கும் உள்ளூரில் அச்சிடுவதற்கும் தடை வந்தது. எழுபது வருஷத்துக்கு மேல் நீடித்த தடை 1759இல் விலகியது. அடுத்த வருஷமே, 1760இல், ஓபர்காம்ப்ஃப் என்ற ஜெர்மன் இளைஞர் ஷூயியில் பியேவ்ர் கரையில் அச்சுப் பட்டறை தொடங்கினார். அப்போது அவருக்கு 22 வயது ஆகியிருக்கவில்லை.

ஏன் அங்கே? தண்ணீரும் புல்வெளியும்தான். துணியில் முதலில் சாயத்தைப் பிடிக்க வைக்கிற படிகாரக் கரைசலை மரக்கட்டையால் ஒற்ற வேண்டும். மிச்சப் படிகாரம் போக, சாணம் கரைத்த நீரில் முக்கி அலச வேண்டும். அப்புறம் மஞ்சிட்டி இனத்து வேரில் கொதிக்க வைத்தால் படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவப்பாகும், மற்ற இடம் லேசாக அழுக்குச் சிவப்பாக நிற்கும். அதை வெளுக்க நாள் கணக்கில் புல்வெளியில் விரித்து, வெயிலும் பனியும் பட வைத்து, திரும்பத் திரும்ப ஆற்றில் அலச வேண்டும். சாணமும் வெயிலும் ஓடும் நீரும் நம் கரைப் பட்டறைகளிலும் இருந்தவைதான். ஊர் மாறியது, வேலை மாறவில்லை.

1770இல் செப்புத் தகட்டு அச்சு வந்த பிறகுதான் ஷூயி என்றதும் எல்லோரும் நினைக்கிற அந்த ஒற்றை நிறக் கிராமக் காட்சிகள் வந்தன. 1806இல் நெப்போலியனே நேரில் வந்து பார்த்தார். பட்டறை 1843இல் மூடப்பட்டது. ஆறு இன்னும் அந்த ஊருக்குள் போகிறது, அலசுவதற்குத் துணி மட்டும் இல்லை. பாரிஸில் ஓபர்காம்ப்ஃப் என்ற மெட்ரோ நிலையத்தைத் தாண்டுகிறவர்களில் எத்தனை பேருக்கு அது சீட்டித் துணிக்காரர் பெயர் என்று தெரியும்?

ஏப்ரல் 2

நிலவறைக் கதையைச் சொல்கிறேன் என்று சொல்லியிருந்தேனா? இல்லை போலிருக்கிறது.

எங்கள் கட்டடத்தில் ஆளுக்கொரு நிலவறை உண்டு. குடிவந்த இரண்டாம் வருஷம் பிப்ரவரியில் கீழே போனால் தரையில் ஒரு விரல் கட்டைக்குத் தண்ணீர். அட்டைப் பெட்டிகள் நனைந்து கூழாகி, உள்ளே இருந்த கல்யாண ஆல்பத்தின் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. பிரித்தால் முகம் உரிந்து வந்தது. நிர்வாகத்திடம் சொன்னோம். குழாய்க் கசிவு என்று ஆள் அனுப்பினார்கள், தரையைக் கொத்தினார்கள், பில் போட்டார்கள். அடுத்த பிப்ரவரி திரும்பவும் தண்ணீர். நாற்பது வருஷமாக முதல் மாடியில் இருக்கும் பெரியவர் படியில் நின்று பார்த்துவிட்டு, 'இது குழாய் இல்லை, பியேவ்ர்' என்றார். அன்றைக்குத்தான் அந்தப் பெயரை முதல்முறையாகக் கேட்டேன்.

குளிர்கால மழைக்குப் பிறகு பள்ளத்தாக்கின் வண்டல் மண்ணில் நிலத்தடி நீர் மேலேறுகிறது. ஆற்றைக் குழாய்க்குள் போட்டாலும் அந்தப் பள்ளம் பள்ளம்தானே. இப்போது சுவரில் மூன்று கோடுகள் தெரிகின்றன, ஒவ்வொரு வருஷத்து மட்டம். பெட்டிகளைச் செங்கல் அடுக்கி அதன் மேல் வைத்திருக்கிறேன். 1579 ஏப்ரலில் ஓர் இரவு இந்த ஆறு பொங்கி பாரிஸின் ஸான்-மார்செல் புறநகரை மூழ்கடித்து ஆட்களையும் கொண்டுபோயிருக்கிறது. சின்ன ஆறு என்று அலட்சியமாக இருக்கக் கூடாது.

ஏப்ரல் 3

ஆர்க்கேய் என்ற பெயரே வளைவுகளிலிருந்து வந்தது. ரோமானியர்கள் இங்கே வாய்க்கால் பாலம் கட்டினார்கள். 1613இலிருந்து 1623க்குள் ராணி மரி த மெதிசி இன்னொன்று கட்ட வைத்தார். 19ஆம் நூற்றாண்டில் பொறியாளர் பெல்க்ரான் அதன் தலைமேல் மூன்றாவதைக் கட்டி, தொலைவிலிருந்து 'வான்' என்ற ஆற்றுப் பக்கத்து ஊற்று நீரைப் பாரிஸுக்குக் கொண்டுவந்தார். பி ரயிலில் ஆர்க்கேய்-கஷான் பக்கம் வந்தால் மாடி மேல் மாடியாக நிற்பது தெரியும். அதில் இன்றும் குடிநீர் போகிறது.

ஏப்ரல் 14

உங்கள் முதல் கேள்விக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. ரூ த பியேவ்ரில் ஆறு ஓடியதா? ஓடியது, ஆனால் அது இயற்கையான போக்கு இல்லை. 12ஆம் நூற்றாண்டில் ஸான்-விக்தோர் மடத்துத் துறவிகள் தங்கள் மடத்துக்கும் மாவு ஆலைக்கும் தண்ணீர் வேண்டும் என்று ஆற்றிலிருந்து ஒரு கால்வாய் வெட்டினார்கள். அது சேனில் போய் விழுந்த இடம்தான் இன்றைய ரூ த பியேவ்ர். ஆற்றின் சொந்த முகத்துவாரம் அதற்குக் கிழக்கே, ஒஸ்தர்லிட்ஸ் பக்கம்.

பாரிஸுக்குள் போக்கைக் காலால் கண்டுபிடிக்கலாம். காலை நேரத்தில் போங்கள். நகரசபைக்காரர்கள் நடைபாதை ஓரம் தண்ணீர் திறந்துவிட்டுத் தெருவைக் கழுவுவார்கள். அந்தத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கமே நடந்தால் பழைய ஆற்றுப் பள்ளத்தில் கொண்டுபோய் விடும். என் மகள் ரூ க்ருல்பார்ப்பில் ஒரு பிளாட்டன் மர இலையை அதில் போட்டு, அது போகிற வேகத்துக்குக் கூடவே ஓடினாள்.

தொடங்க வேண்டிய இடம் கெல்லர்மான் பூங்காவை ஒட்டிய பொதேர்ன் தெ பெப்லியே. 1840களின் கோட்டைச் சுவரில் மிஞ்சிய வாயில், ஆறு பாரிஸுக்குள் நுழைந்த இடம். கொஞ்ச தூரத்திலேயே ஆறு இரண்டு கிளையாகப் பிரிந்து ஓடியது. பக்கத்துப் புல்வெளிக் குட்டைகள் குளிர்காலத்தில் உறையும். அந்த ஐஸை வெட்டிக் குழியில் சேமித்துக் கோடையில் விற்றார்கள், அதனால்தான் அந்தப் பகுதிக்குக் கிளாஸியேர், அதாவது ஐஸ் கிடங்கு, என்ற பெயர். ப்ளாஸ் திதலியில் பூமிக்கடியில் இருக்கும் ஆறாம் எண் மெட்ரோ அடுத்த நிலையமான கொர்விஸாரில் வெளியே வந்து உயரத்தில் ஓடும். ரயில் மேலே ஏறிவிட்ட மாதிரி இருக்கும், உண்மையில் தரைதான் கீழே இறங்கியிருக்கிறது. பிறகு ரெனே-லெ-கால் பூங்கா. இரண்டு கிளைகளுக்கும் நடுவில் இருந்த தீவு இது. அதை ஒட்டி, கோப்லான் சுவருக்குப் பின்னால் வளைந்து போகும் ரூ பெர்பியே-த்யு-மெ. அந்த வளைவை எந்தப் பொறியாளரும் போடவில்லை, ஆறுதான் போட்டது. அங்கிருந்து ரூ பஸ்கால். போர்-ருவாயல் சாலை தலைக்கு மேலே பாலமாகத் தாண்டிப் போகும். கீழே நின்றால் பள்ளத்தாக்கின் ஆழம் தெரியும். வழியில் தரையில் பியேவ்ர் என்று பொறித்த வட்டத் தகடுகள் பதித்திருக்கிறார்கள். ஒன்று தவறிப்போனால் கவலைப்பட வேண்டாம், சரிவை நம்புங்கள்.

ஏப்ரல் 15

'இதெல்லாம் நினைவுச் சின்னம்தானே, ஆறு எங்கே?' என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி, இரவெல்லாம் யோசித்தேன்.

இருக்கிறது. ஃப்ரேனில் 2003இல் ஒரு சின்னத் துண்டைத் திரும்ப வெளியே எடுத்தார்கள். லாய்-லெ-ரோஸில் 2016இல் ஏறக்குறைய 600 மீட்டர். சில வருஷங்களுக்கு முன் எங்கள் ஆர்க்கேய்-ஷாந்தியி எல்லையில் இன்னொரு துண்டு. வெளியே எடுப்பது என்றால் மூடியைத் திறப்பது மட்டும் இல்லை. முதலில் அந்தக் குழாயில் கலக்கிற கழிவுநீர் இணைப்புகளை ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்துப் பிரிக்க வேண்டும். அதற்குத்தான் வருஷக்கணக்காகிறது.

லாயில் திறந்த பிறகு முதல் வசந்தத்தில் போனேன். கரையில் அப்போதுதான் நட்ட வில்லோ கன்றுகள், தேங்காய்நார் விரிப்பு இன்னும் தெரிகிறது. ஒரு வாத்து எதிர்நீச்சல் போட்டுக்கொண்டிருந்தது. துண்டின் கடைசியில் ஆறு கம்பி வலைக்குள் புகுந்து இருட்டுக்குள் போகிறது. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு அரைமணி நேரம் நின்றேன். அரைமணி நேரம் கழித்து எங்கள் நிலவறைச் சுவருக்குப் பக்கத்தில் எங்கேயோ அந்தத் தண்ணீர் போகும் என்று தோன்றியது. கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை.

ஏப்ரல் 21

திருத்தம். மாஸி–வெர்சாய் ரயிலைச் சி என்று எழுதியிருந்தேன். 2023 டிசம்பரிலிருந்து அந்தப் பாதையில் ஓடுவது வி. பழைய பழக்கத்தில் வந்துவிட்டது.

ரூ பெர்பியே-த்யு-மெயில் தகடு ஒன்றைக் கண்டுபிடித்ததாக எழுதியிருக்கிறீர்கள். படித்ததும் மகளிடம் காட்டினேன், அவள் உங்களோடு வர வேண்டும் என்கிறாள். வரும் ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு பொதேர்ன் தெ பெப்லியே வாயிலில் இருப்போம். தெரு கழுவுகிற தண்ணீர் பத்து மணிக்கு மேல் இருக்காது, அதனால் தாமதம் வேண்டாம். இலை அவள் கொண்டுவருகிறாள்.